மாமனாரின் இடது காது

எங்கள் பக்கத்தில் வெளிமாவட்டத்தில் பெண் எடுத்தால், நிச்சயத்தன்று தட்டு மாற்றும்போதே காதும் மாற்றிக்கொள்வார்கள். நான் பொள்ளாச்சி. சுஜிதாவுக்குக் குழித்துறை. என் இடது காது அவள் அப்பா செல்லையனுக்குப் போனது, அவருடையது எனக்கு வந்தது. அம்மா மஞ்சள் தடவி ஒட்டிவிட்டாள். கொஞ்சம் பெரிய காதுதான், நரைமுடி வேறு. தென்னைநார் மில்லில் சில நாள் கேலி செய்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

காரணம் எளிது. சுஜிதா ஊரில் ஆகாரமும் ஓகாரமும் ஏறி இறங்கித்தான் வரும். எங்கள் ஊர்க் காதுக்கு அது எப்போதும் கொஞ்சலாகவே கேட்கும். திட்டினாலும் கொஞ்சல்தான். இதை வைத்துக்கொண்டு எப்படிக் குடித்தனம் நடத்துவது?

கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் சன்னலோரம் நின்றிருந்தாள். என்னவென்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல."

வலது காதில் அது சிரிப்பாகக் கேட்டது. இடது காதில் அழுகையாகக் கேட்டது. நான் இடது காதை நம்பிப் பக்கத்தில் போய் நின்றேன். ஊர் நினைப்பு, அப்பா அங்கே தனியாக இருக்கிறார் என்றாள். அன்றிலிருந்து அவள் எனக்கு இடப்பக்கமே நடந்தாள், இடப்பக்கமே படுத்தாள்.

ஆனால் முதல் ஆடிக்குக் காதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் சொந்தக் காது பழகியிருக்கும் என்று நம்பிக்கை. என் வலது காது சுத்த மக்கு. ஆடி நெருங்க நெருங்க எனக்குப் பயமாக இருந்தது. இந்தக் காதும் போய்விட்டால் அவள் அழுவது எனக்குத் தெரியாமலே போய்விடும்.

மாமனார் வந்தார்.

"காப்பி குடிங்க சம்பந்தி, அப்பறம் மாத்திக்கலாமுங்க" என்றாள் அம்மா.

அவர் குடித்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்க காது எனக்கு வேண்டாம் மாப்பிள. உங்க காதுல கேட்டா எனக்க மொவ போன்ல சிரிச்சிட்டே பேசுதா. இந்த வலது காதுலதான் இன்னும் அழுவுதா. மத்ததையும் மாத்தித் தந்திருங்க."

மாற்றிக் கொடுத்தேன். எனக்கு ஜோடி சேர்ந்துவிட்டது. அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"நான் பெத்த காது ரெண்டும் போச்சே கண்ணு."

அவள் ஏதோ தாலாட்டுப் பாடுகிறாள் என்றுதான் எனக்குக் கேட்டது. நன்றாகவே இருந்தது.

ஊர் போய்ச் சேர்ந்ததும் மாமனார் போன் செய்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

"ஆச்சு மாப்பிள. ஒண்ணுமில்ல, சும்மாதான் விளிச்சேன்."

அவருக்கு அது சிரிப்பாகத்தான் கேட்டிருக்கும். அவரிடம் இருப்பவை என் காதுகள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை.

போனை வைத்தபோது என் கழுத்தெல்லாம் ஈரம். காதுகள் இரண்டிலிருந்தும் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சுஜிதா முந்தானையால் அப்பாவின் காதுகளைத் துடைத்துவிட்டு, எனக்குச் சோறு போட்டாள்.