மாதவராஜ்: வீட்டில்

"அந்த பிளக்குல சொருகாதீங்க" என்றாள் நிர்மலாதேவி.

குளிர்பெட்டியோடு வந்த ஆள் ஒயரைக் கையில் பிடித்தபடி நின்றான். கூடத்தில் வேறு பிளக் இல்லை. பெட்டிக்குள் அவள் புருஷன் மாதவராஜ், தலை வாரி, வேட்டி மாற்றி, பந்திக்குக் கிளம்பியவர் போலப் படுத்திருந்தார்.

"ஏங்க்கா, கரண்ட் வராதா?"

"வரும். அவரு வூட்ல இருந்தாத்தான் வரும்."

துக்கத்தில் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்து, மாதவராஜின் தங்கை பாஞ்சாலி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் நிர்மலா சொன்னது அப்பட்டமான மின்சார உண்மை.

அரூரில் ஒரு விதைக்கடையில் கணக்கு எழுதிவிட்டு தினமும் பாப்பிரெட்டிப்பட்டிக்கு வண்டியில் திரும்பும் மாதவராஜுக்கு, யூடியூப் பார்த்துத் தொற்றிக்கொண்ட வியாதி ஒன்று இருந்தது. வீட்டின் விளக்கு, ஃபேன், தண்ணி மோட்டார், கூடத்து பிளக் எல்லாவற்றையும் விரல் நீள போர்டுகளில் இணைத்து, சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த கீறல் விழுந்த டேப்லெட்டில் கட்டம் கட்டமாக வரவைத்திருந்தார். கட்டத்தைத் தொட்டால் எரியும். மறுபடி தொட்டால் அணையும். சுவரில்தான் ஏற்கெனவே சுவிட்ச் இருக்கிறதே என்று கேட்டவர்களை அவர் பரிதாபமாகப் பார்ப்பார். அதற்கு அவர் வைத்த பெயர் கட்டுப்பாட்டு மையம். மையத்தின் மூளை பரண்மேல், ஒரு தீபாவளி ஸ்வீட் டப்பாவுக்குள் இருந்தது.

முதல் கட்டத்தில் அவர் பெயர். அவருடைய போன் வைஃபைக்குள் இருந்தால் 'மாதவராஜ்: வீட்டில்' என்று பச்சையாக இருக்கும். தாண்டிப் போய்ப் பத்து நிமிஷமானால் 'வெளியே' என்று சாம்பல் பூக்கும். உடனே வீடு மொத்தமும் தானாக அணைந்துகொள்ளும்.

"ஆள் இல்லாத வூட்டுக்கு எதுக்கு கரண்ட்?" என்று விளக்கம் சொன்னார்.

"அப்ப நான் ஆள் இல்லியா?"

"உன் போனையும் குடு, சேத்துடறேன்."

"நான் எங்க போறேன், எப்ப வரேன்னு அந்தப் பொட்டி கணக்கு பாக்கணுமா? வேணாம் சாமி."

மறுநாள் இரண்டாவதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது. 'நிர்மலா இருக்கா.' அதைத் தொட்டுவிட்டால், அவர் வெளியே போனாலும் எல்லாம் எரியும். அந்தச் சனியனைத் தொடவே மாட்டேன் என்றாள் அவள். சொன்ன சொல் தவறாமல், அவர் கண்ணெதிரே ஒருநாளும் தொட்டதில்லை.

இன்று காலை காபிக்கு முன்பே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். போன் ஃபிரிட்ஜ் மேல் சார்ஜில் கிடந்தது. ஆக, கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கில் மாதவராஜ் வீட்டில்தான் இருந்தார். ஒயரைச் சொருகியதும் பெட்டி உறுமத் தொடங்கியது.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் நிர்மலா அடிக்கடி சமையலறைக்குள் போய் வந்தாள். தண்ணீர் குடிக்கவில்லை. பச்சைக் கட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

அது அவளுக்குப் புதிதல்ல. வைஃபை தெருமுனைவரை எட்ட வேண்டும் என்று அவர் மாடியில் ஒரு கம்பி நட்டிருந்தார். சாயந்திரங்களில் அந்தச் சாம்பல் கட்டம் பச்சையாவதற்காக அவள் காய் நறுக்கியபடியே காத்திருப்பாள். பச்சையானதும் பாலை அடுப்பில் வைப்பாள். அவர் வண்டியை நிறுத்தி, வாசலில் செருப்பை உதறுவதற்குள் பால் பொங்கியிருக்கும்.

"என் வண்டிச் சத்தம் உனக்கு மட்டும் எப்டித்தான் அவ்ளோ தூரத்துல கேக்குதோ" என்று ஒவ்வொரு நாளும் ஆச்சரியப்படுவார், தெருமுனைவரை எட்டக் கம்பி நட்ட மனுஷன்.

அவள் சொன்னதில்லை.

பொழுது ஏறியதும் அறிவழகன் வந்தார். பாஞ்சாலியின் புருஷன். கட்சியில் ஏதோ ஒரு அணிக்கு ஒன்றியத் துணை ஏதோ ஒன்று. அந்தப் பதவியை அவர் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் கேட்பவருக்குப் பஸ் வந்துவிடும். கையோடு ஃபிளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்திருந்தார். 'கணினி விஞ்ஞானி மாதவராஜ் அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி.' விஞ்ஞானியின் படம் ரேஷன் கார்டில் இருந்து எடுத்தது. அதைவிடப் பெரிதாக, கும்பிட்ட கையோடு அறிவழகன் சிரித்துக்கொண்டிருந்தார்.

குளிப்பாட்டிப் புதுத்துணி உடுத்தி, பாடையில் ஏற்றுகிற நேரம். யாரோ வெற்றிலை பாக்கை மடியில் வைத்தார்கள். அறிவழகன் கையை உயர்த்திக் கூட்டத்தை நிறுத்தினார்.

"வெத்தல போடறவங்களுக்கு வெத்தல வெக்கறோம். எங்க மச்சான் விஞ்ஞானி. அவரு கருவி அவரோடதான் போவணும்" என்று சொல்லி, ஃபிரிட்ஜ் மேலிருந்த போனை எடுத்து வந்தார்.

"அண்ணா" என்றாள் நிர்மலா. "போன் மட்டும் இங்கியே இருக்கட்டுங்க."

"ஏன் தங்கச்சி, அதுல என்னா இருக்குது?"

கூட்டம் அவளைப் பார்த்தது. பாடையில் கிடப்பவரைக் காட்டி, இவர் இன்னும் வீட்டில் இருக்கிறார் என்று எப்படிச் சொல்வது?

"ஒண்ணுமில்லீங்க."

போன் அவருடைய சட்டைப் பையில் ஏறியது. மேளம் முன்னால் போயிற்று.

பெண்கள் தெருமுனைவரை போய் அழுதுவிட்டுத் திரும்பினார்கள். ஆண்கள் குழிமேட்டில் அடக்கம் முடித்து வருவதற்குள் வீட்டைக் கழுவியாக வேண்டும்; வந்தவர்கள் வாசலிலேயே குளிக்கத் தண்ணீர் வேண்டும். பாஞ்சாலி புடவையைத் தூக்கிச் சொருகி, டியூபைப் பிடித்துக் கூடத்தைப் பாதி கழுவியிருந்தாள். ஃபேன் நின்றது. லைட் அணைந்தது. மோட்டார் முனகி ஓய்ந்தது. காலிப் பெட்டியின் உறுமலும் அடங்கிப்போனது.

"பாத்தியா, ஆளு போனதும் வெளிச்சமும் கூடவே போயிருச்சு!" என்று பக்கத்து வீட்டு சாலம்மாள் புதிதாக ஒரு ஒப்பாரியை ஆரம்பித்தாள். அவள் வீட்டு மிக்ஸி அந்தப் பக்கம் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

நிர்மலா ஈரக்காலோடு சமையலறைக்குப் போனாள்.

மாதவராஜ்: வெளியே.

காலையிலிருந்து எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக அவளிடம் சொல்லிவிட்டார்கள். அதெல்லாம் காதோடு போயிருந்தது. அவள் அந்த ஒரு சொல்லை மறுபடி படித்தாள்.

"அண்ணி, தண்ணி நின்னு போச்சு" என்று பின்னாலேயே வந்தாள் பாஞ்சாலி. "அவங்க வந்தா குளிக்கணுமே. இத எப்டிப் போடறதுன்னு அண்ணனத்தான் கேக்…" பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

நிர்மலாவின் விரல் இரண்டாவது கட்டத்துக்குப் போனது. தேடவில்லை, நேராகப் போனது. பரண்மேல் டக், டக், டக் என்று சத்தம் கேட்டது. லைட் எரிந்தது. மோட்டார் ஓடியது.

நிர்மலா இருக்கா, என்றது பச்சை.

"உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா அண்ணி? நீங்க தொடவே மாட்டீங்கன்னு அண்ணன் சொல்லிக்கிட்டே இருக்கும்."

"தெரியாது" என்றாள் நிர்மலா.

வீடு கழுவி முடிந்தது. அவர் கிடந்த இடத்தில் விளக்கேற்றினார்கள். சாலம்மாள் வீட்டிலிருந்து சோறும் ரசமும் வந்து மூடி வைக்கப்பட்டிருந்தன. சாவு விழுந்த வீட்டில் அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. நிர்மலா சமையலறைத் தரையில், கட்டங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். வெயில் ஜன்னலைத் தாண்டிப் போனது.

முதல் கட்டம் பச்சையானது.

மாதவராஜ்: வீட்டில்.

அவள் எழுந்தாள். ஃபிரிட்ஜைத் திறந்து பால் எடுத்தாள். லைட்டரைச் சொடுக்கினாள். கவிழ்த்து வைத்திருந்த தம்ளர்களை எடுத்து நிமிர்த்தி வைத்தாள், இரண்டு.

வாசலில் ஆட்கள் வந்து சேரும் சத்தம். அறிவழகனின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"குழியில எறக்கறோம், பையில மணி அடிக்குது! ஒருத்தன் நிக்கல, அத்தன பேரும் ஓடறானுங்க. நாந்தான் தைரியமா எடுத்தேன். ஏதோ ஆஃபர் இருக்குது, சார் இருக்காங்களான்னு ஒரு பொண்ணு கேக்குது."

"நீங்க என்னா சொன்னீங்க?" என்று யாரோ கேட்டார்.

அறிவழகனின் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் இறங்கியது. "என்னா சொல்றது? சார் வெளிய போயிருக்காருன்னு சொன்னேன். பேசிட்டிருக்கற போன எப்டிப்பா மண்ணுல போடறது? எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

பாஞ்சாலி போனை முந்தானையில் துடைத்தபடி சமையலறைக்குள் வந்தாள்.

"அண்ணி, அண்ணன் போனு, நல்லவேளையா…"

அடுப்பு எரிவதைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு தம்ளர்களைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். நிர்மலா அவள் பக்கம் திரும்பவில்லை. தலையைச் சற்றே வாசல் பக்கம் சாய்த்து, எதையோ கேட்பதற்காக நின்றிருந்தாள். வெளியே யாரோ செருப்பை உதறிக் கழற்றினார்கள்.

பால் விளிம்பைத் தொட்டது. பாஞ்சாலி கையை நீட்டி, அடுப்பை அணைக்காமல், சிம்மில் வைத்தாள்.