செல்லியம்மாளுக்கு நீலம்

அத்தாயிக்கு வயிறு எரியாம என்னங்க பண்ணும்? ஒரே ஊட்டுக்கு வாக்கப்பட்ட ஓரகத்திங்க ரெண்டு பேரு. ரெண்டு பேருக்கும் ஒரே வருசத்துல சக்கரை வியாதி. பரமத்தி வேலூர்ல இருந்து மாசாமாசம் ஒரே பஸ்ஸுல நாமக்கல் டாக்டர்கிட்டப் போவாங்க. கம்பவுண்டர் மூத்திரத்துல மருந்தை ஊத்திச் சூடு காட்டுவாரு. நீலமாவே நின்னா சக்கரை இல்லை, செங்கல் நெறமாயிட்டா நெறைய. எளையவ செல்லியம்மாளுக்கு எப்பவும் நீலம். மூத்தவ அத்தாயிக்குச் செங்கல்.

"செல்லியைப் பாரு அத்தாயி, வேளை தவறாம மாத்திரை போடறா. நீயும் இருக்கறயே! கால் புண்ணு அழுகினா வெட்டித்தான் எடுக்கோணும்"னு டாக்டர் அத்தனை பேர் முன்னாலயும் சொல்லுவாரு.

செல்லியைப் பாரு, செல்லியைப் பாரு! மாமியா சாவிக்கொத்தைக் குடுத்ததும் செல்லிகிட்டத்தான். போயும் போயும் மூத்திரத்துலயுமா அவ ஒசத்தி? அத்தாயியோ, ஒடம்பு நல்லாத்தானே இருக்குதுன்னு மாத்திரையைத் தொடவே மாட்டா. டாக்டர்கிட்டப் போற அன்னிக்கு மட்டும் ஒண்ணை முழுங்கிக்குவா.

அந்தத் தை மாசம் பஸ்ஸுல செல்லி தூங்கிட்டே வந்தா. கூடையில மூத்திரம் புடிச்ச ஒரே மாதிரி ரெண்டு டானிக் பாட்டில். அடையாளத்துக்குச் செல்லி தன்னோடதுல வாழைநார் கட்டியிருந்தா. அத்தாயி அதை அவுத்துத் தன்னோட பாட்டில் கழுத்துல கட்டிட்டா.

அத்தாயிக்கு நீலம்! "அட, புத்தி வந்துருச்சே"ன்னு டாக்டர் சிரிச்சாரு. செல்லிக்குச் செங்கல். "நான் ஒரு வேளைகூட உடலீங்களே"ன்னு அவ தேம்பித் தேம்பி அழுதா. அந்த அழுகை அத்தாயிக்குப் பாயசமாட்டம் இருந்துச்சு.

டாக்டர் செல்லிக்கு மாத்திரையை ரெட்டிப்பாக்கிட்டாரு. அத்தாயிகிட்ட, "ஒரே ஊட்டுல இருக்கறீங்க, மறந்தும் அவ அளவை நீ போட்றாதே. சக்கரை இல்லாதவங்க போட்டா மயங்கி உசுரே போயிரும்"னாரு.

ஊடு வந்து சேர்ற வரைக்கும் அத்தாயிக்குத் தலைகால் புரியல. பொழுது சாய, செல்லி சாப்பிட்டுட்டுச் சொம்புத் தண்ணியோட ரெண்டு மாத்திரையை எடுத்தா. அப்பத்தான் அத்தாயிக்கு ஒறைச்சுது. இந்தப் பாவி ஒரு வேளைகூட உடமாட்டாளே! என்னாட்டம் இருந்தாலாவது பொழைச்சுக்குவாளே!

"போடாதடீ!"ன்னு ஓடிப்போய்க் கையைத் தட்டி உட்டா. மாத்திரை தரையில உருண்டுச்சு.

"ஏனுங்கக்கா? டாக்டர் சொன்னாருங்களே."

"அந்தச் செங்கல் என்னோடதுடீ! பாட்டிலை நாந்தான் மாத்தினேன். போதுமா?" அத்தாயி ஓன்னு அழுதுட்டா. திட்டட்டும், மாமியாகிட்டச் சொல்லட்டும்னு தலையைக் குனிஞ்சு நின்னா.

செல்லி திட்டல. கண்ணைத் தொடச்சுக்கிட்டு, மூஞ்சியெல்லாம் பல்லா, "அப்ப எனக்கு நீலந்தானுங்களாக்கா?"ன்னு கேட்டா.

அய்யோ சாமி! அந்தப் பல்லைத் தட்டிக் கையில குடுத்தா என்னன்னு இருந்துச்சு அத்தாயிக்கு. "ஆமாண்டி, உனக்கு நீலந்தான். ஒண்ணை மட்டும் எடுத்துப் போடு"ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள அவளுக்கு உசுரு போயி உசுரு வந்துச்சு.