பன்னிரண்டு மணிவரை பிரிக்காத கடிதம்

அது தொண்ணூற்றாறா, தொண்ணூற்றேழா என்று இப்போது அடித்துச் சொல்ல முடியவில்லை. வெள்ளிக்கிழமை என்பது நிச்சயம்; ராகு காலம் பத்தரைக்குத் தொடங்கியது. மற்றதில் எது நடந்தது, எது பின்னால் பயத்தில் சேர்ந்துகொண்டது என்று ஜலஜாவுக்கே குழப்பம்தான்.

கணவன் பாலசுப்ரமணியன் ஒன்பதரைக்கே கலிஃபோர்னியாவில், மில்பிடாஸ் வீட்டிலிருந்து விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டான். டோக்கியோ விமானம் ஒன்றரைக்கு. கம்பெனி அவனை அங்கே மாற்றத் தயாராக இருந்தது. யோகோஹாமாவைத் தாண்டி ஒரு புறநகரில் விலைக்கு வந்திருந்த அடுக்குமாடி வீட்டின் வரைபடம் ஃபேக்ஸில் வந்திருந்தது. விசாலமான மூன்று படுக்கையறைகள், தெற்கே நீளமான பால்கனி, ஸ்டேஷனுக்கு நடந்தால் ஏழே நிமிடம், எதிரிலேயே பள்ளிக்கூடம்.

“சும்மா பாத்துட்டு வரேன் ஜலஜா. பாத்தா வாங்கணும்னு இருக்கா?”

அவளுக்கு அந்த வீடு வேண்டாம். இங்கேயே இருக்க வேண்டும். அவனுடைய ஆறு வருட விசா முடிய எட்டே மாதம்; கிரீன் கார்டு மனு கடைசிக் கட்டத்தில் இருந்தது.

“நடுவுல வெளிநாடு போக பர்மிஷன் வேணுமோன்னோ?”

“அதான் அப்ளை பண்ணியாச்சே. நீ வேற பயமுறுத்தாத.”

பத்து நாற்பதுக்குத் தபால் வந்தது. வக்கீலின் தடித்த உறை. நல்ல சேதியாகத்தான் இருக்கும். அதை ராகு காலத்தில் பிரிப்பானேன் என்று சுவாமி அலமாரியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். மகள் ரக்‌ஷா பள்ளிக்கூடம் போயிருந்தாள். வீட்டில் ஃப்ரிட்ஜ் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. உறையையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

பன்னிரண்டு அடித்ததும் பிரித்தாள். பயண அனுமதி இன்னும் கிடைக்கவில்லை, அது கைக்கு வருமுன் நாட்டைவிட்டுப் போனால் மனுவையே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள், போக வேண்டாம் என்று வக்கீல் எழுதியிருந்தார்.

ஏர்லைன்ஸுக்கு ஃபோன் செய்தாள். காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். ஃப்ரீவேயில் அவள் கார் ஓட்டியதே இல்லை. கீழ்வீட்டு விசாலாக்ஷியின் கதவைத் தட்டினாள்.

“எப்போடி வந்தது லெட்டர்?” காரை எடுத்துக்கொண்டே கேட்டாள் விசாலாக்ஷி.

“பத்து நாப்பதுக்கு. ராகு காலம் ஆன்ட்டி...”

“மெட்ராஸ் ராகுவா, கலிஃபோர்னியா ராகுவா? அசடே! அப்பவே பிரிச்சிருந்தா நடந்தே போயிருக்கலாம்டி!”

ஜலஜா சிரிக்கவில்லை. முன்னால் லாரிகள் நின்றிருந்தன. ஒவ்வொரு எக்ஸிட்டிலும் அவள் மணி பார்த்தாள்.

அந்த நாளில் டிக்கெட் இல்லாதவர்களும் விமானம் ஏறும் கேட் வரை போகலாம். கேட்டை அடைந்தபோது ஒன்று இருபத்தைந்து. கதவு மூடியிருந்தது. கவுன்ட்டர் பெண் தலையசைத்தாள். கண்ணாடிக்கு அப்பால் விமானம் மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. உள்ளே எங்கோ அவன் அந்த வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டிருப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

பாலசுப்ரமணியன் ஒரு வாரத்தில் திரும்பி வந்தான். மனு போயிற்று. புதிதாகப் போட்டது விசா முடிவதற்குள் நகரவில்லை. மறு வருடம் அவர்கள் அந்த வீட்டையே வாங்கிக் குடிபோனார்கள். ரக்‌ஷா எதிர்ப் பள்ளியில் சேர்ந்தாள். ஆறு மாதத்தில் ஜப்பானிய மொழி வந்துவிட்டது. விசாலாக்ஷி மில்பிடாஸிலேயே இருக்கிறாள், கடிதம் எப்போது வந்தது என்பதை யாரிடமும் சொல்லவில்லை. கடிதம் பன்னிரண்டு மணிக்குத்தான் வந்தது என்று பாலசுப்ரமணியன் நம்புகிறான். ஜலஜா அவனிடம் வேறு விதமாகச் சொன்னதில்லை.