சால்வை போர்த்திய பேட்டரி

டிசம்பர் பிறந்ததிலிருந்து சுப்ரஜாவின் மின்சார ஸ்கூட்டர் காலையில் பாதி சார்ஜோடுதான் கிளம்பியது. புனேயில் ஔந்த் வீட்டிலிருந்து, அவள் பாடம் நடத்தும் லோஹேகாவ் பள்ளிக்குப் போய்த் திரும்ப அது போதவில்லை. வெள்ளிக்கிழமை விஷ்ராந்த்வாடி சிக்னலில் வண்டி நின்றேவிட்டது.

"பேட்டரிக்கு வயசாயிடுச்சு போல. பக்கத்துலயே ஒரு ஸ்கூல் பாத்துக்கலாமே, சுப்பு" என்றான் அவள் கணவன் அனிருத்.

கல்யாணமாகிச் சென்னையிலிருந்து வந்த பிறகு, நெடுநாள் தேடிக் கிடைத்த வேலை அது. அந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை விட்டுவர அவளுக்கு மனமில்லை.

மறுநாள் மாலையும் வழக்கம்போல அனிருத் லிஃப்ட் வாசலில் காத்திருந்தான். வண்டியிலிருந்து கழற்றி வந்த கனமான பேட்டரியை அவள் கையிலிருந்து வாங்கிப் போய், வாசல்கதவுக்குப் பின்னால் வைத்துச் சார்ஜ் போட்டான். அது அவன் தினமும் விரும்பிச் செய்யும் வேலை.

குளித்துவிட்டு வந்தவளுக்குக் குளிர் தாங்கவில்லை. கம்பளிச் சால்வையைத் தேடினாள். அது பேட்டரியின் மேல் கிடந்தது. தொட்டுப் பார்த்தாள். இட்லிப் பானை மூடிபோலச் சுட்டது.

"அனி! இதென்ன கூத்து?"

"குளிர்ல பேட்டரி வீக் ஆயிடும்னு படிச்சேன். இந்த மாசம் பூரா தினமும் போர்த்தறேன். எனக்கே காது விறைக்குது, அது பாவம் இல்லையா?"

"உன் காதுக்கு மங்கி கேப் போதும். இது ஓடி வந்த சூடே ஆறல, அதுக்குள்ள சார்ஜ் போட்டு, போர்வை வேறயா?"

சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினாள். சால்வையை எடுத்துவிட்டு, வண்டியோடு வந்த கையேட்டைப் புரட்டினாள்.

"இதோ பாரு, சூடு ஏறினா சார்ஜ் தானா நின்னுடுமாம். வயசும் ஆகல, ஒண்ணும் ஆகல. உன் பாசம் தாங்காமத்தான் பாதியிலேயே நிக்குது."

அனிருத் சிரிக்கவில்லை. "கதவுகிட்ட வேற வச்சிருக்கேன். தீப்பிடிச்சிருந்தா நீ எப்படி வெளிய..." அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிறன்று சர்வீஸ் சென்டரில் சோதித்துப் பார்த்தார்கள். பேட்டரி உப்பவில்லை, பழுதும் இல்லை. திங்கள் மாலை அது பால்கனித் தரையில், அருகே துணியோ காகிதமோ இல்லாமல் ஆறிக்கொண்டிருந்தது. ஆறும்வரை இருவரும் டீயோடு எதிரே உட்கார்ந்து பேசினார்கள். இத்தனை நேரம் அவர்கள் சேர்ந்து உட்கார்ந்து பல வாரங்களாகியிருந்தன. பிறகு சார்ஜ் போட்டு, தூங்கப் போகுமுன் பிளக்கை எடுத்தார்கள்.

செவ்வாயன்று சுப்ரஜா லோஹேகாவ் போய்த் திரும்பியபோது கால் பங்கு சார்ஜ் மிச்சமிருந்தது. லிஃப்ட் வாசலில் பேட்டரியை நீட்டினாள்.

"ஆண்டு விழா நாடகத்துக்குப் பொறுப்பா என்னைத்தான் போட்டிருக்காங்க. பக்கத்து ஸ்கூல் இன்னும் தேடறியா?"

"எந்த ஸ்கூல்?" என்றான் அனிருத். பேட்டரியைப் பால்கனியில் ஆற வைத்துவிட்டு, சால்வையைக் கொண்டுவந்து அவள் தோளில் போர்த்தினான்.