ரோசாக்கும் ரோசமும்

மனித குலம் பழுதுபார்ப்பதை நிறுத்திய நாளில்தான் நாகரிகமடைந்தது என்பது ஸ்டானிஸ்லாஸின் கொள்கை. அந்தக் கணக்கில் மலேசியாவின் யோங் பெங் ஊரில் அவர் ஒருவரே நாகரிகமானவர். அவர் மனைவி பியாட்ரிஸ் கூடத்தில் பழைய மின்விசிறியைப் பிரித்து, கெப்பாசிட்டர் மாற்றிக்கொண்டிருந்தாள்.

“ரோசாக் ஆனதைக் கட்டிக்கிட்டு அழுவுறியே, பிச்சைக்காரப் புத்தி! என் புதுக் காத்தாடியப் பாரு, ஒரு ஸ்க்ரூகூட வெளிய தெரியாது லா.”

மலாயில் ரோசாக் என்றால் பழுது. பியாட்ரிஸ் அதற்குத் தமிழில் பதில் சொன்னாள்.

“ரோசம் இருந்தா இனி இந்தக் காத்துல உக்காராதீங்க.”

பழையது சுழன்றது. தன் பக்கம் மட்டும் திருப்பிக்கொண்டாள்.

மறுவாரமே புதியது நின்றுபோனது. “ரிப்பேர் பண்ண முடியாது அங்கிள், வாரன்டில கம்பெனிக்கு அனுப்பினா ரெண்டு மாசம் ஆகும், வேற வாங்குங்க” என்றான் கடைக்காரன்.

ஞாயிறு மதியம் வெயில் கொளுத்தியது.

“வேர்க்குதா?” என்றாள் பியாட்ரிஸ், விசிறியைத் திருப்பாமல்.

“யாருக்கு? எனக்கா?”

அவள் கண்ணயர்ந்ததும் ஸ்டானிஸ்லாஸ் அவளுடைய ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். புது மின்விசிறியைக் கவிழ்த்து, ‘கிழித்தால் உத்தரவாதம் செல்லாது’ என்ற ஸ்டிக்கரை நகத்தால் மெல்ல உரித்தார்.