முதலில் கிடைத்த கோப்பு

மருந்து செலுத்தும் கருவிக்கு நிரல் எழுதுவது அவள் வேலை. அளவைக் கணக்கிடும் கோப்பில் இருந்த பிழையைக் காலையிலேயே திருத்திவிட்டாள். எழுதியதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரும் குறை சொல்லாமல் முடித்தது. ஆனால் சோதனையில் அதே பழைய தவறு: குழந்தைக்குப் பெரியவர்களின் அளவு. நான்கு மணிக்குக் கருவி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்றாம் முறை திருத்தியபோது தன் கணக்கின் மீதே அவளுக்குச் சந்தேகம் வந்தது. அடுத்த மேசையில் இருந்த கொழுந்தன் எட்டிப் பார்த்தான்.

"அண்ணி, அது உங்க ஃபைலைத்தான் படிக்குதான்னு பாருங்க. உள்ள எதையாவது கிறுக்குங்க."

"உன் மூஞ்சின்னு எழுதட்டுமா?"

"எழுதுங்க. அலறணும்ல!"

எழுதினாள். கம்பைலர் அலறவில்லை. அப்படியானால் அது வேறெதையோ படிக்கிறது. தேட வேண்டிய ஃபோல்டர்களின் பட்டியலைத் திறந்தாள். கம்பைலர் அதை மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும். கேட்ட பெயர் முதலில் எங்கே கிடைக்கிறதோ, அங்கேயே நின்றுவிடும். பட்டியலின் தலையில் 'தற்காலிகம்' என்றொரு ஃபோல்டர். அதற்குள் அதே பெயரில் ஒரு பழைய பிரதி.

"யார் வச்ச வேலை இது?" என்றான் கொழுந்தன்.

"நான்தான். பிரசவ லீவுக்குப் போறதுக்கு முந்தின நாள்."



பிரதியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். 'உன் மூஞ்சி' இருந்த வரியைச் சிவப்பில் காட்டிக் கம்பைலர் நின்றது. அந்தச் சிவப்பைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வரியை நீக்கினாள். குழந்தைக்குக் குழந்தையின் அளவு வந்தது. மணி மூன்றரை.