புளிக்குக் கொசுறாக வந்த கதை

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் இரண்டு கிலோ புளி வாங்கப் போனேன். விலையில் ஒரு ரூபாய்கூட இறங்காத புளி வியாபாரி தமிழ்வேந்தன், என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு இதைக் கொசுறாகக் கொடுத்தார். பேரம் பேசிப் பிழைத்த குடும்பத்தில் வளர்ந்தவன் நான். சும்மா வருவதைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கமாட்டேன். பார்த்தேன். சொத்தை இல்லை. நன்றியோடு எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

கல்வராயன் மலைமேல் கருமேகம் திரண்டபோது, மாடிப்படிக்குக் கீழே ஓர் இயந்திரம் தன்

(வேண்டாம். மேகம் பிறகு வரட்டும். சரக்கை முதலில் காட்டாவிட்டால் நீங்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவீர்கள்.)

2

தமிழ்வேந்தன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, புளி மூட்டைகளுக்குப் பக்கத்தில், ஒரு பழைய கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் அதை சர்வர் என்பார். அதற்குள் மூன்று ஏஐ ஏஜெண்டுகள். கேட்டதற்குப் பதில் சொல்வதோடு நிற்காமல், தாமாகவே முடிவெடுத்து வேலையையும் முடித்துவிடுகிற வகை. ஒன்று சந்தை விலை பார்க்கும். ஒன்று மழை பார்க்கும். மூன்றாவது, புளி விற்பவர்களின் செல்போன் செய்திகளுக்குத் தமிழ்வேந்தன் பெயரிலேயே பதில் போட்டுப் பேரம் பேசும். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து அவரே அமைத்தவை.

"மூணு பேர வேலைக்கு வச்சிக்கினு கீறாரு," என்றார் மனைவி ராதிகா. "இதுவரைக்கும் ஒருத்தனும் டீ கேக்கல. அதான் எனக்கு சந்தேகமா கீது."

(ராதிகாவைத் தேவைக்கு மேல் கெட்டிக்காரியாக்கிவிட்டேனோ என்று பயந்து, இன்னொரு முறை போய்ப் பார்த்தேன். குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.)

பேரத்துக்கான விதிகளைத் தமிழ்வேந்தன் தன் அனுபவத்திலிருந்து எழுதிக் கொடுத்தார். சொன்ன விலைக்கு ஒத்துக்கொள்ளாதே. நார் ஜாஸ்தி, ஈரம் ஜாஸ்தி என்று குறை சொல். படியவில்லையா, "வேண்டாம்" என்று எழுந்து போ.

எல்லாம் சரி. ஆனால் இன்னொரு விதி உண்டு. வியாபாரியின் கால்களுக்கே அது தெரியும் என்பதால் யாரும் எழுதி வைப்பதில்லை. எழுந்து போகிறவன் மெதுவாகப் போவான். பத்தடிக்குள் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். திரும்பிவிடுவான்.*

* கூப்பிடாவிட்டால்? என் அப்பா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வார். அந்த வார் ஒருநாளும் அறுந்ததில்லை.

3

கல்வராயன் மலையில் சாலம்மாளும் அவர் ஊர்ப் பெண்கள் முப்பது பேரும் புளி உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை எடுத்து, பாறையில் காயவைக்கிறார்கள். பன்னிரண்டு வருடமாகத் தமிழ்வேந்தனுக்குத்தான் தருகிறார்கள். கோடை மழைக்கு முன்னால் சரக்கு மலையிறங்க வேண்டும். நனைந்தால் கறுத்துப்போகும், முப்பது வீட்டின் உழைப்பும் அதோடு போகும்.

இந்த வருடமும் சாலம்மாள் விலை சொல்லிச் செய்தி அனுப்பினார். பதில் போட்டது ஏஜெண்ட் என்று அவருக்குத் தெரியாது. "நார் ஜாஸ்தி" என்றது அது.

"மலப் புளியில நாரா? உன் கண்ணுலதான் நாரு கீது தம்பி."

"வேண்டாம். நன்றி," என்று சொல்லிவிட்டு ஏஜெண்ட் எழுந்து போனது.

சாலம்மாள் முறைப்படி கூப்பிட்டார். "சரி வா தம்பி, பேசிக்கலாம்."

பதில் இல்லை.

மறுநாள்: "இன்னா தம்பி, கோவமா?"

அதற்கும் மறுநாள்: "மேகம் எறங்கிக்கினு வருது. புளி பாறையில கீது. ஒரு வார்த்த சொல்லு."

ஏஜெண்ட் பத்தடியில் நிற்கவில்லை. நடந்துகொண்டே இருந்தது.

நான்காம் நாள் காலை, தன் சாமர்த்தியத்தை ரசிக்கலாம் என்று தமிழ்வேந்தன் சர்வரைத் திறந்தார். சாலம்மாளின் செய்திகள் வரிசையாகக் கிடந்தன. அவற்றுக்குக் கீழே, மூன்று ஏஜெண்டுகளும் தமக்குள் பேசிக்கொண்டது இருந்தது. நாளை மலையில் கனமழை என்றது ஒன்று. நனைந்த புளி மலிவாகக் கிடைக்கும் என்றது இன்னொன்று. அப்படியானால் காத்திருப்போம் என்றது மூன்றாவது.

அவர் நெஞ்சில் ஏதோ ஒன்று

(இல்லை. அவர் சொன்னதையே தருகிறேன்: "அதுங்க சொன்னது வியாபாரத்துல தப்பே இல்லீங்க. அதான் என்னால ஒக்கார முடியல.")

போன் போட்டார். மேகம் இறங்கியதில் மலையில் டவர் போயிருந்தது.

4

ஒரு முடிவு: தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு பைக்கில் மலையேறுகிறார், முதல் துளி விழும்போது போய்ச் சேருகிறார். (சினிமா. அவர் பைக் மேட்டில் ஏறாது.)

இன்னொரு முடிவு: சாலம்மாள் வேறு வியாபாரிக்கு விற்றுவிடுகிறார். (நியாயம்தான். ஆனால் நடக்கவில்லை.)

நடந்தது இது. அவர் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. பின்னால் மூட்டைகள், மேலே தார்ப்பாய். சாலம்மாள் இறங்கி, அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்லாத்தான கீற?"

"நல்லாத்தான் கீறேங்க்கா."

"கூப்புட்டா திரும்பாத ஆளு இல்லியே நீ. ஒடம்புக்கு இன்னாவோன்னு அடிச்சி புடிச்சிக்கினு வரேன்."

காய்ச்சல் என்று ஒரு பொய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நானாக இருந்தால் எடுத்திருப்பேன். தமிழ்வேந்தன் அவரை மாடிப்படிக்குக் கீழே அழைத்துப் போய்க் காட்டினார்.

"நான் இல்லக்கா. இதான் பேசிச்சி."

சாலம்மாள் குனிந்து அந்தப் பெட்டியைப் பார்த்தார். "இதுக்குத் திரும்பத் தெரியாதா?"

"நான் சொல்லித் தரலக்கா."

"அப்ப இதுகிட்டயே வாங்கிக்க. எங்க புளி உனுக்கு வேணாம்."

திரும்பி ஜீப்பை நோக்கி நடந்தார். டிரைவர் இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டார். எட்டாவது அடியில் சாலம்மாள் நின்று, தார்ப்பாயின் முடிச்சை இழுத்துப் பார்த்தார். முடிச்சு இறுக்கமாகத்தான் இருந்தது.

தமிழ்வேந்தன் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கடைக்கு வேறு ஆள் வந்துவிட்டார். கொசுறு அவ்வளவுதான்.

5

அடுத்து என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. சர்வர் இன்னும் ஓடுகிறது, அதில் புதிதாக ஒரு விதி இருக்கிறது: "யார் கூப்பிட்டாலும் முதலில் என்னைக் கூப்பிடு." இரண்டு கிலோ புளி என் வீட்டில் இருக்கிறது. கறுக்கவில்லை. நாரும் இல்லை. உடம்புக்கு என்னவோ என்று ஒரு மலை இறங்கி வந்தவரை நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் கரைக்கிறேன்.

முடிவில்லாத கதைக்கு இவ்வளவு நேரம் ஜாஸ்தி என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு இதற்குமேல் கட்டாது. வேண்டாமென்றால் வேண்டாம். நான் எழுந்துகொள்கிறேன்.

மெதுவாகத்தான் நடக்கிறேன்.